அழுக்கும் தழும்பும்

சிங்கப்பூர்த் தமிழர் நாவில் டாலருக்கு இன்றளவும் வெள்ளி என்றே பெயர். தேக்காச் சந்தையில் முருங்கைக்கீரைக் கட்டுக்குப் பணம் நீட்டுகிற அம்மாளும், சிராங்கூன் சாலை நகைக்கடையில் சங்கிலிக்கு விலை பேசுகிற இளைஞரும், கையிலிருப்பது வண்ணத்தாளாகவோ முலாம் பூசிய எஃகுக் காசாகவோ இருந்தபோதிலும், அதை வெள்ளி என்று சொல்லுவதில் சிறிதும் தயங்குவதில்லை. அந்தச் சொல்லும் அந்த உலோகமும் ஒன்றாகவே இருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்து வெள்ளிகளைத் தேடி வாங்குவதும், எது மெய் எது போலி என்று பிரிப்பதும், மண்ணிலும் ஈரத்திலும் கிடந்து சீர்கெட்டவற்றைப் பக்குவப்படுத்துவதுமாக என் ஆயுளில் ஐம்பது வருஷங்களுக்கு மேல் கழிந்துவிட்டன. நான் கற்றது பத்தர் தொழில், வாழ்ந்தது பழங்காசுகளோடு.

என் தகப்பனார் அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து யுத்தத்துக்கு முன்னால் கப்பலேறி வந்தவர். பஃபலோ ரோட்டை ஒட்டிய ஒரு கடைவீட்டின் வாசல் நடைபாதையான அஞ்சடியில், குமுட்டியும் ஊதுகுழலும் உரைகல்லும் குறடுமாக அவர் அமர்ந்திருந்த இடம் நாலு சாண் அகலத்துக்கு மேல் இராது. அங்கே வேலை கொண்டுவந்தவர்களில் பாதிப் பேர், செய்யவேண்டிய அரைஞாணுக்கும் கொலுசுக்கும் உலோகமாக எட்வர்ட் ராஜா தலை போட்ட வெள்ளிகளையே முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்துக் கொடுப்பார்கள். மூசையில் அவை உருகுவதை நான் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். நெடுநேரம் ஒன்றும் ஆகாது. பிறகு ராஜாவின் முகம் வியர்ப்பதுபோல் பளபளக்கும். தாடியும் எழுத்தும் ஒன்றாகக் குழைந்து, கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் ஒரு சொட்டாய்த் திரண்டுவிடும். அப்படி உருகிப்போனவற்றில் எத்தனை அபூர்வமான நாணயங்கள் இருந்திருக்குமோ என்று இன்று நினைத்தால் மனம் பதைக்கிறது. ஆனால் அப்பாவுக்கு அது கூலி. எங்களுக்கு அது சோறு.

அந்த வெள்ளிகள் எல்லாம் ஒரே எடையல்ல என்பதை அப்பா விரலாலேயே அறிவார். அதன் காரணத்தை நான் பிற்பாடுதான் படித்து அறிந்தேன். சிங்கப்பூரும் பினாங்கும் மலாக்காவும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்கள், 1867 ஏப்ரல் முதல் தேதி லண்டனின் நேர் ஆளுகைக்கு மாறும் வரையில் இந்திய சர்க்காரின் கீழ் இருந்தன. சர்க்கார் கணக்கு ரூபாயில் நடக்க, கடைத்தெருக் கணக்கோ ஸ்பானிய டாலரிலும் மெக்சிகோ டாலரிலுமே நடந்தது. 1871 முதல் ஐந்து, பத்து, இருபது காசு வெள்ளி நாணயங்கள் விக்டோரியா ராணியின் உருவத்தோடு வந்தன என்றாலும், முழு வெள்ளிக்கு இந்த ஊர் மெக்சிகோவையும், 1895 முதல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் அச்சிடப்பட்ட, பிரிட்டானியா நின்ற கோலத்தில் காட்சி தருகிற வாணிப டாலரையுமே நம்பியிருந்தது. 1903இல்தான் இந்த ஊருக்கென்று சொந்தமாக ஒரு வெள்ளி பிறந்தது. டி ஸோல் என்ற சிற்பி வார்த்த எட்வர்டின் தலையும், மறுபுறத்தில் சீன எழுத்தும் ஜாவி எழுத்தும் பின்னிய அலங்காரமும் கொண்ட அது, 416 கிரெயின் எடையில், அதாவது நம் கணக்குக்கு 26.95 கிராமில், ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் பங்கு சுத்த வெள்ளியாகப் பம்பாய் அக்கசாலையிலிருந்து கப்பலில் வந்து இறங்கியது. 1906இல் அறுபது வெள்ளிக்கு ஏழு பவுன் என்று தங்கத்தோடு விகிதம் கட்டினார்கள்; ஆனால் வெள்ளியின் சந்தை விலை ஏறவே, காசாக வைத்திருப்பதைவிட உருக்கி விற்பதே ஆதாயம் என்ற நிலை நெருங்கியது. ஆகையால் 1907இல் எடையை 20.2 கிராமாகக் குறைத்துப் பழையவற்றைத் திரும்ப வாங்கி மறுபடி அச்சிட்டார்கள். முதல் உலக யுத்தத்துக்குப் பின் 1919இல் எடை 16.85 கிராமாகவும், மாற்று சரிபாதியாகவும் இறங்கின. பதினாறு வருஷத்துக்குள் ஒரு ராஜ்யத்தின் செல்வநிலை இவ்வளவு இளைத்ததை, மூன்று காசுகளை வரிசையாக உள்ளங்கையில் வைத்தால் எழுதப் படிக்கத் தெரியாதவரும் உணரலாம். பம்பாயில் அச்சாகித் தமிழர் கைகள் எண்ணிய அந்தக் காசில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை என்பதும் என் மனத்தை உறுத்தியது உண்டு. 1985இல் வந்த சிங்கப்பூர் நாணய வரிசையில், நான்கு மொழிகளில் ஒன்றாகச் சிங்கப்பூர் என்று தமிழில் பொறித்திருந்ததைக் கண்ட அன்று, புதுக்காசு ஒன்றைக் கொண்டுபோய் அப்பாவின் படத்தின் முன் வைத்தேன்.

எனக்குக் காசு பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் அப்பா அல்லர். மார்க்கெட் தெருவில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் கணக்கெழுதிய பெரியவர் ஒருவர். பெட்டியடியில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு வெள்ளியை இடது கை விரல்நுனியில் நிறுத்தி, மற்றொரு வெள்ளியின் விளிம்பால் மெல்லத் தட்டுவார். கோயில் மணி ஓய்ந்தபின் காற்றில் நிற்கிற ரீங்காரம்போல அது நீண்டுகொண்டே போனால் நல்ல காசு. சட்டென்று அடங்கினால் ஈயமோ பித்தளையோ கலந்தது. அடங்காமல் கரகரத்தால் உள்ளே விரிசல் ஓடியது. "கண்ணு ஏமாறும் தம்பி, காது ஏமாறாது" என்பார். ஜப்பான்காரன் காலத்தில் பானையிலிட்டுப் புதைத்து வைத்து, பிறகு எடுத்த காசுகளில் ஒன்று அவரிடம் இருந்தது. 1904ஆம் வருஷத்து வெள்ளி அது, புழக்கத்தில் தேயாதது. மண்ணுக்குள் இருந்த மூன்றரை வருஷத்தில் அதன்மேல் கருநீலமும் செம்பழுப்பும் கலந்த ஒரு சாயல் படர்ந்து, மயில்கழுத்தைப்போல் இருந்தது. அப்பாவிடம் காட்டி மதிப்புக் கேட்கும்படி அதை என்னிடம் கொடுத்தனுப்பினார்.

அப்பொழுது எனக்குப் பதினோரு வயது. தீபாவளிக்கு முந்தின நாள். வீட்டில் அம்மா குத்துவிளக்குகளையும் சொம்புகளையும் பரப்பிவைத்துப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கறுத்துக் கிடந்த பித்தளை பொன்னாக மாறுவதைக் கண்ட எனக்கு, பெரியவரின் காசையும் அப்படியே புதிதாக்கிக் கொடுத்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று தோன்றிவிட்டது. கால்மணி நேரம் தேய்த்தேன். வெள்ளை வெளேரென்று ஆயிற்று. மறுநாள் புதுச் சட்டையோடு ஓடிப்போய் நீட்டினேன். அவர் அதை வாங்கிச் சன்னலோர வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். சாய்த்த மாத்திரத்தில் ராஜாவின் கன்னத்திலும் கழுத்திலும், வெறும் கண்ணுக்கு முதலில் தெரியாத ஆயிரம் மயிரிழைக் கீறல்கள் வட்டவட்டமாக எழுந்து மின்னின. எல்லாம் என் கட்டைவிரல் சுழன்ற வட்டங்கள். அவர் கோபிக்கவில்லை. "இதை நீயே வச்சுக்கப்பா, இனி இது விக்கிற சரக்கு இல்லை" என்று சொல்லி என் சட்டைப் பையிலேயே போட்டுவிட்டார்.

நான் கெடுத்தது என்ன என்பது புரியப் பல வருஷங்கள் ஆயின. அச்சு விழுந்தபோது உலோகம் மையத்திலிருந்து விளிம்பை நோக்கிப் பாய்ந்து ஓடிய ரேகைகள்தாம் புதுக்காசின் மினுக்கு. அதன்மேல் காற்றிலுள்ள கந்தகம் மெல்லப் படிந்து உண்டாக்கிய மெல்லேடுதான் அந்த மயில்கழுத்து நிறம். புளியும் சாம்பலும் ஏட்டை மட்டும் எடுக்கவில்லை, கீழேயிருந்த ரேகைகளையும் சேர்த்து அரைத்துவிட்டன. அச்சுக்கூடம் தந்த மினுக்கை எந்தக் கைவினைஞனாலும் திருப்பித் தர முடியாது. கடைகளில் விற்கிற வெள்ளி கழுவும் திரவமும் இதே பாவத்தைத்தான் சத்தமில்லாமல் செய்கிறது.

பிற்காலத்தில் நகைவேலை குறைந்து, நாணயம் சேகரிப்பவர்கள் என்னைத் தேடிவரத் தொடங்கினார்கள். சரக்குக்கு நானும் வாரம் தவறாமல் சுங்கை ரோட்டுச் சந்தைக்குப் போவேன். 2017 ஜூலையில் அது மூடப்பட்ட நாள் வரையில், தரையில் தார்ப்பாய் விரித்துப் பழைய கடிகாரங்களுக்கும் துருப்பிடித்த ஆணிகளுக்கும் நடுவே காசுகளைக் குவித்து வைத்திருப்பார்கள். அங்கே பத்துக்கு ஒன்பது போலி. காந்தத்தில் ஒட்டிக்கொண்டால் பேச்சே இல்லை. ஒட்டாதவைதாம் ஆளை விழுங்குபவை. அவற்றுக்கு நான் நம்புவது தராசும் ஒரு டம்ளர் தண்ணீரும். மெய்யான 1903 வெள்ளியை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தால், 26.95 கிராம் 24.33 ஆகக் குறையும், குறைந்த 2.62 கிராமால் முழு எடையை வகுத்தால் பத்தேகாலுக்குச் சற்று மேலே, 10.3 என்று வரும். தொள்ளாயிரம் மாற்று வெள்ளிக்கு அதுதான் அடர்த்தி. தேய்ந்த காசானாலும் விகிதம் மாறாது. தேய்மானம் எடையைத் தின்னுமே தவிர இனத்தைத் தின்னாது. ஒருமுறை ஒரு நண்பர் பெருந்தொகை கொடுத்து வாங்கிவந்த வெள்ளி, அழகிலும் எழுத்திலும் குறைசொல்ல முடியாததாய் இருந்தும், இந்தக் கணக்கில் 8.6க்கு மேல் ஏற மறுத்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு நா எழவில்லை. தராசையே அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

வாணிப டாலர்களைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். பிரிட்டானியா ஏந்திய சூலத்தின் நடு முனையில் பி என்ற எழுத்து இருந்தால் பம்பாய். இடது காலுக்கும் கேடயத்தின் அடிக்கும் நடுவே சி இருந்தால் கல்கத்தா. ஆனால் என்னை ஈர்த்தவை அச்சுக்கூடத்தின் அடையாளங்களைவிட, சந்தை போட்ட அடையாளங்களே. சீன சராப்புகள் ஒவ்வொருவரும் தாம் சோதித்துப் பார்த்த காசில் தத்தம் முத்திரையைச் சிற்றுளியால் அடித்துவிடுவது வழக்கம். நாலைந்து கைமாறிய காசில் பிரிட்டானியாவின் உடம்பெல்லாம் சீன எழுத்துகள் பொறித்திருக்கும். ஆரம்பத்தில் அவற்றைச் சேதம் என்றே நினைத்தேன்; நினைத்ததோடு நில்லாமல், வாங்க வந்தவர் ஆசைப்பட்டார் என்பதற்காக, இரண்டு காசுகளில் அந்தப் பள்ளங்களைப் பின்புறமிருந்து தட்டி எழுப்பி, மேலே மெருகும் போட்டுக் கொடுத்தேன். அது நான் செய்த இரண்டாவது பிழை. முதலாவதைவிடப் பெரியது, ஏனென்றால் அறிந்து செய்தது. அந்த முத்திரைகள், இந்தக் காசு மெய் என்று முகந்தெரியாத மனிதர்கள் தம் பெயரைப் பணயம் வைத்துச் சொன்ன சாட்சியங்கள். அதன்பிறகுதான் ஒரு காசு கைக்கு வந்தால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி எனக்குத் தெளிவாயிற்று: இதன்மேல் இருப்பது அழுக்கா, தழும்பா? அழுக்கு தானாக வந்து ஒட்டியது. அதைத் தக்க முறையில் நீக்கலாம். தழும்பு ஒரு மனிதன் ஒரு காரியத்துக்காகச் செய்தது. அதில் நமக்கு அதிகாரம் இல்லை.

சவரன் விஷயத்தில் இந்தக் கேள்வி இன்னும் நெருக்கமாக வந்தது. தமிழன் தங்கத்தை நிறுப்பதே இந்த ஆங்கிலக் காசால் அல்லவா? 22 காரட்டில் 7.988 கிராம் எடையுள்ள பிரிட்டிஷ் பொற்காசுதான் நம் வாயில் சவரனும் பவுனுமாகி, கடைசியில் எட்டு கிராம் என்ற அளவையாகவே நிலைத்துவிட்டது. சில வருஷங்களுக்கு முன்னர் அறுபது வயதை எட்டிய ஓர் அம்மாள், தம் பாட்டியின் காசுமாலையை மஞ்சள் துணியில் முடிந்து எடுத்துவந்தார். பெரும்பாலும் விக்டோரியாவும் ஐந்தாம் ஜார்ஜும். ஒவ்வொன்றின் தலைமேலும் எங்களைப்போல் ஒரு பத்தர் வெண்காரம் வைத்து ஊதிப் பற்றவைத்த சிறு வளையம். "அண்ணே, வளையத்தை எடுத்துட்டு அந்த இடத்தைச் சமமாக்கிக் கொடுத்தா, காசாவே நல்ல விலைக்குப் போகும்னு சொல்றாங்க. ஆகுமா?" என்று கேட்டார்.

ஆகும். அந்த வேலையை முன்னே பலருக்குச் செய்தும் இருக்கிறேன். தீயை வளையத்தின் தண்டில் மட்டும் பாயவிட்டு, பற்று இளகிய கணத்தில் குறடால் எடுத்து, மிச்சத்தை நுண்ணரத்தால் ராவி மெருகேற்றினால் சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. தேர்ந்த கண்ணுக்குத் தெரியும். விளிம்பின் பற்கள் அந்த இடத்தில் மட்டும் செத்திருக்கும்.

பூதக்கண்ணாடியில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன். பிஸ்ட்ரூச்சி வடித்த ஜார்ஜ் முனிவர் குதிரைமேலிருந்து நாகத்தை வெட்டுகிற அந்தச் சித்திரத்தில், குதிரையின் காலடித் தரைக்கோட்டின் நடுவே, ஆண்டு எண்ணுக்கு நேர் மேலே, எந்த அக்கசாலை என்பதைக் காட்டும் எழுத்து இருக்கும். எஸ் என்றால் சிட்னி, எம் மெல்போர்ன், பி பெர்த். ஒரே ஒரு காசில், 1918க்கு மேலே, நெல்லின் மூக்களவு ஒரு ஐ நின்றது. இந்தியாவின் முதலெழுத்து. யுத்த காலத்தில் பொன்னைக் கடல் கடத்துவது அபாயம் என்று பம்பாயிலேயே லண்டன் அக்கசாலையின் கிளை ஒன்றைத் திறந்து, அந்த ஒரு வருஷ எண்ணோடு மட்டும் அச்சிட்ட சவரன் அது. நம் நாட்டில் பிறந்து, நம் பத்தர் கையில் வளையம் ஏறி, ஒரு தமிழ்ப் பெண்ணின் கழுத்தில் கடல் கடந்து சிங்கப்பூருக்கு வந்த ஆங்கிலக் காசு! வளையத்தை எடுத்தால் சேகரிப்பவர் கண்ணில் அது பழுதுபட்ட ஒரு சவரன் மட்டுமே. இருக்கிறபடி இருந்தால்தான் அதன் சரித்திரம் முழுமையாக இருக்கும். இதை அந்த அம்மாளிடம் ஒளிக்காமல் சொன்னேன். அவருக்குப் பணத்தேவை இருந்தது. ஆகையால் மாலையைக் கலைக்காமல், தேவைப்பட்ட அளவுக்கு ஓரத்தில் இருந்த நான்கு காசுகளை மட்டும் தங்க விலைக்கே விற்றுக்கொள்ளும்படி யோசனை கூறினேன். மீதியைப் பூந்திக்கொட்டை நுரையில் ஊறவைத்து, மென்மயிர்த் தூரிகையால் ஒற்றியெடுத்து, கோத்திருந்த நூலை மட்டும் புதிதாக மாற்றிக் கொடுத்தேன். ஐ எழுத்துக் காசு நடுவில் வரும்படி அவரே சொல்லிக் கோக்கச் செய்தார்.

வெள்ளியும் பொன்னும் பெருந்தன்மை உடையவை. தொல்லை கொடுப்பது செம்பு. கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் இளம் விக்டோரியாவின் முகமும் தாங்கிய 1845ஆம் வருஷத்து ஒரு காசு, அரைக்காசு, கால்காசுகள் இந்த ஊர் மண்ணிலும் ஆற்றுச் சேற்றிலும் கிடந்து என்னிடம் வரும். மேலே கெட்டியாய்ப் பிடித்திருக்கும் பச்சைக் களிம்பைக் கண்டு பயப்படவேண்டாம்; அது செம்புக்குப் போர்வை. தொட்டால் மாவாய் உதிர்கிற வெளிர்பச்சைப் புள்ளிதான் நோய். உப்புக்காற்றிலும் சேற்றிலும் உள்ள குளோரைடு செம்புக்குள் இறங்கி, இந்த ஊர் ஈரக்காற்றின் உதவியோடு உள்ளேயே தின்றுகொண்டிருக்கும். அதற்கு அவசர வைத்தியம் கிடையாது. வடிநீரில் சோடியம் செஸ்கிகார்பனேட் உப்பைக் கரைத்துக் காசை அதில் மூழ்கவைத்து, வாரம் ஒருமுறை நீரை மாற்றி, குளோரைடு முழுவதும் வெளியேறும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும். பிறகு வெறும் வடிநீரில் பலமுறை அலசி, இளஞ்சூட்டில் உலர்த்தவேண்டும். எழுத்துகளின் இடுக்கில் நிற்கிற மண்ணுக்கு உலோக ஊசியைத் தொடமாட்டேன். மூங்கிலைச் சீவி நானே ஊசி செய்துகொள்ளுவேன். செம்பைவிட மெத்தென்றது, மண்ணைவிடக் கெட்டி. ஒரு கால்காசில் விக்டோரியா என்ற பெயரின் முதல் மூன்று எழுத்துகளை வெளிக்கொணர எனக்கு நான்கு மாலைப்பொழுதுகள் பிடித்தன. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே மூச்சைப் பிடித்து ஒரு துகளை நெம்பும்போது, கீழேயிருந்து அரிசி நொய் அளவு செம்பழுப்பு உலோகம் தலைகாட்டுகிற சமயத்தில் ஏற்படுகிற நிறைவை வேறு எந்த வேலையிலும் நான் கண்டதில்லை.

பக்குவப்படுத்துவதைவிடப் பாதுகாப்பது கடினம். ஒரு கடையில் வாங்கிய பிளாஸ்டிக் உறை ஆல்பத்தில் என் சொந்தச் சேகரத்தை அடுக்கி மூன்று வருஷம் திறவாமல் இருந்துவிட்டேன். திறந்தபோது உறைகளின் உட்புறமெல்லாம் பிசுபிசுத்து, காசுகள்மேல் பச்சைப் பாகு படிந்திருந்தது. மெதுவாய் இருப்பதற்காகப் பிவிசி பிளாஸ்டிக்கில் கலக்கிற எண்ணெய்கள் கசிந்து, பிளாஸ்டிக் சிதைவதில் உண்டாகிற அமிலமும் சேர்ந்து, உலோகத்தைத் தாக்கிவிட்டன. சுத்தமான அசிடோனில் ஊறவைத்துப் பெரும்பகுதியைக் காப்பாற்றினேன். ஒன்பது காசுகளில் அரிப்பு இறங்கியே விட்டது. அன்று முதல் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு மூடிய பெட்டியும், அமிலமற்ற காகித உறையும்தான். மணிகள் நிறம் மாறினால் வறுத்தெடுத்து மறுபடி போடுவது என் மனைவியின் பொறுப்பு. அப்பளப் பொரிப்புபோல் அதையும் அவள் ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

என்னிடம் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளிடம் முதல் பாடமாக நான் எடுத்துக் கொடுப்பது, மேசையின் வலப்புற அறையில் தனிக் காகித உறையில் இருக்கிற அந்த 1904ஆம் வருஷத்து வெள்ளியைத்தான். பெரியவரும் இல்லை; மார்க்கெட் தெருவில் அந்தக் கிட்டங்கியும் இல்லை. அறுபது வருஷத்துக்கு மேலாக அதை நான் ஒருமுறைகூடத் துடைத்தது இல்லை. இப்பொழுது விளிம்பை ஒட்டிய எழுத்துகளின் இடுக்கில் தேன்நிறத்தில் ஒரு சாயல் தொடங்கி, ராஜாவின் கழுத்துக்குக் கீழே மட்டும் லேசாக நீலம் கண்டிருக்கிறது. சன்னலோரம் சாய்த்துப் பிடித்தால், அந்த நீலத்துக்குள்ளேயே, பதினோரு வயதுக் கட்டைவிரல் சுழன்ற வட்டங்கள் எழுந்து மின்னுகின்றன.